வாசலில் எதைப் பரப்புவது?

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்போர் பிறகு வாசிக்கலாம்.

கடந்த ஒரு மாதத்தில் மட்டும் நண்பர்கள் மூவர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டனர். வீடு கட்டி முடியப் போகிறது. வெளிக் கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் இடையே கார் வந்து நிற்கும் இடத்தில் எதைப் போடலாம்? டைல்ஸா, கிரானைட்டா, இன்டர்லாக் கல்லா, வெறும் கான்கிரீட்டா? நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வு செய்கிறவளுக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. அதன் விளைவாக ஒரு மூதாட்டியின் பணம் முப்பத்து மூவாயிரம் ரூபாய் வீணாயிற்று. அந்தக் கதையைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் வழங்குவது முறையாகாது என்பதால் இப்பதிவு.

முதலில் ஒரு சொற்குறிப்பு. ஆங்கிலத்தில் டிரைவ்வே என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. நமக்கு வாசல் உண்டு, முற்றம் உண்டு, திண்ணை உண்டு. வாசலுக்குள் வண்டி நுழைந்த பிறகுதான் தனிச்சொல்லுக்கான தேவையே எழுந்தது. கட்டடக்காரர்கள் 'கார் பார்க்கிங்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நான் இங்கே வாசல் தளம் என்றே எழுதுகிறேன். கார் ஒரு நாளில் அந்த இடத்தில் உருளும் நேரம் இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுவதும் அது மனிதர் நடக்கும், கோலம் இடும், மழை விழும் இடமாகவே இருக்கிறது. அதை வண்டியின் பெயரால் அழைக்கத் தொடங்கியதே பாதிப் பிழை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெங்களூரில் நான் குடியிருக்கும் மாடியின் கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளரான அஜ்ஜி இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. கன்னடம் தாய்மொழி, இந்நகரத்துப் பழைய மனிதர் பலரைப் போலத் தமிழும் சரளமாகப் பேசுவார். வாசல் தளம் முப்பதடி நீளம், பத்தடி அகலம். அதில் எண்பதுகளில் போட்ட சாதரஹள்ளிக் கருங்கற் பலகைகள் கிடந்தன. மூன்று அங்குலக் கனம், உளியால் கொத்திய சொரசொரப்பான முகம், கற்களுக்கிடையே வெறும் மணல். மூலையில் நிற்கும் புங்கமரத்தின் வேர் இரண்டு பலகைகளைத் தூக்கிவிட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டு அதில் கால் தடுக்கி அஜ்ஜி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அச்சம் மட்டும் நிலைத்துவிட்டது. மகன் உடனே எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட முடிவு செய்தார். அஜ்ஜி என்னை அழைத்து, "நீ தண்ணீர் படிக்கிறவள்தானே மகு, எது நல்லது என்று சொல்" என்றார்.

நான் தயங்கவே இல்லை. இன்டர்லாக் போடுங்கள், இடுக்கு வழியே மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் என்றேன்.

ஒப்பந்தக்காரர் வந்தார். சதுர அடிக்கு 110 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். நான் அந்த வாரம் களப்பணிக்காகக் கோலார்ப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாசல் சிவப்பும் சாம்பலுமாக, சதுரங்கப் பலகைபோல அழகாக இருந்தது. முதல் நல்ல மழை பெய்த அன்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் முழுவதும் பளபளவென்று வழிந்து கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு ஓடியது. கீழே போய் ஒரு கல்லின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. கல் ஆடக்கூடாது என்பதற்காக அடியில் நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு, இடுக்குகளில் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். இன்டர்லாக் என்ற பெயரில் அது ஒரு முழுக் கான்கிரீட் தளம். மேலே கல் வெறும் அலங்காரம்.

ஒப்பந்தக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஏமாற்றவில்லை. வாடிக்கையாளர் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறார்கள், அவரும் அப்படித்தான் போடுகிறார். நான் சொன்னது பொருளின் பெயரை. அதற்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. முனைவர் பட்டத்துக்காக மூன்றாண்டுகளாக மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை அளந்துகொண்டிருந்தவள் செய்த பிழை இது.

இன்டர்லாக் கல்லின் நியாயம் எதில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால் நல்லது. இதைப் போட்டவர்களில் பலருக்கும் தெரியாது. ஒவ்வொரு கல்லும் தனித்தனி. இடுக்கில் நிரப்பிய மணல் இறுகி நிற்பதால் ஒரு கல்லின் மேல் ஏறும் பாரம் பக்கத்துக் கற்களுக்கும் பகிரப்படுகிறது. அடித்தளம் சிறிது அசைந்தால் கற்களும் சேர்ந்து அசைந்து கொடுக்கும், உடையாது. பழுதான ஒன்றை மட்டும் பிடுங்கி மாற்றலாம். இடுக்கில் சிமெண்ட் ஊற்றிய கணத்தில் இந்த மூன்று நன்மையும் போய்விடுகின்றன. முறைப்படி செய்வதென்றால் மண்ணை இறுக்கி, அதன்மேல் நான்கிலிருந்து ஆறு அங்குலம் ஜல்லியை அடுக்கி இறுக்கி, அதன்மேல் ஓர் அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் கல்லை வைத்து, ஓரங்கள் விரியாதபடி சுற்றிலும் கர்ப் கல் நட வேண்டும். கான்கிரீட் பாவுகற்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு: ஐ.எஸ். 15658. எந்தப் பயன்பாட்டுக்கு என்ன வலிமை, எவ்வளவு கனம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. வீட்டுக் காருக்கு 60 மில்லிமீட்டர்க் கல் தாராளம். நீரை உள்ளே விடுவதுதான் நோக்கம் என்றால் அடி ஜல்லியில் தூசு இருக்கக்கூடாது; இடுக்கிலும் மணலுக்குப் பதில் பொடிச்சிப்ஸ் இட வேண்டும். அப்படிச் செய்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இலைச்சருகும் மண்ணும் இடுக்கை அடைத்துவிடும். அவ்வப்போது சுரண்டி எடுத்துப் புதுச் சிப்ஸ் இட வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

மற்றப் பொருள்களைப் பற்றி என் கருத்து.

பார்க்கிங் டைல்ஸை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கடையில் விளக்கொளியில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும். கலவை முழுமையாகப் பரவாமல் அடியில் எங்கேனும் காற்று தங்கியிருந்தால், கார்ச் சக்கரம் அந்த இடத்தில் ஏறிய சில மாதங்களில் வெடிக்கும். அதே நிறத்தில் அதே அச்சில் மாற்று டைல் ஐந்தாண்டு கழித்துக் கிடைக்காது. சொரசொரப்பு என்று விற்கப்படுபவையும் மழையில் சேறு படிந்தால் வழுக்கும். பளபளப்பாக மெருகேற்றிய கிரானைட்டை வெளியே போடுவது முதியோர் இருக்கும் வீட்டில் தவறு என்று துணிந்து சொல்வேன். அதே கிரானைட்டை நெருப்பால் முகம் சுட்டோ உளியால் கொத்தியோ சொரசொரப்பாக்கிப் போட்டால் அதைவிட உறுதியான பொருள் வேறில்லை.

கோட்டா, ஷாபாத், தாண்டூர், கடப்பா ஆகிய பலகைக் கற்கள் அவை விளையும் ஊர்களில் மலிவு. பல நூறு கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தால் மலிவும் இல்லை, பொருத்தமும் இல்லை. அவை சுண்ணாம்புக்கல் வகை. கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றித் துடைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் முகம் அரிக்கப்பட்டு வெளுத்துவிடும்.

கான்கிரீட்டை ஏழைப் பொருள் என்று ஒதுக்குவோர் உண்டு. அது சரியன்று. நான்கு அங்குலக் கனத்தில் நன்கு இறுக்கிய அடித்தளத்தின் மேல் போட்டு, எட்டுப் பத்து அடிக்கு ஒரு பிளவுக்கோடு வெட்டி, முகத்தைத் துடைப்பத்தால் வரியிட்டு விட்டால் முப்பதாண்டுகள் உழைக்கும், வழுக்காது. ஆனால் தண்ணீர் காட்டுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இப்போது விற்பனையாகும் சிமெண்ட் பெரும்பாலும் சாம்பலோ கசடோ கலந்த வகை. அதற்குப் பத்து நாளேனும் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நம் தர நிர்ணயம். மூன்றாம் நாளே காரை ஏற்றிவிட்டு வெடிப்புக்குச் சிமெண்ட் நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை.

புல் வளரும் ஓட்டைக் கல் என்று ஒன்று உண்டு. படத்தில் மிக அழகு. நாள் முழுவதும் கார் நிற்கும் இடத்தில் வெயில் படாமல் புல் செத்துவிடும். மீதிப் புல்லைக் காக்க மார்ச், ஏப்ரலில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நீரைச் சேமிக்கப் போட்ட தளத்துக்கு நீரை வாங்கி ஊற்றுவது போன்ற வேடிக்கை வேறில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு நான் கூற விரும்புவது, கேள்வியின் வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பதுதான். எந்தப் பொருள் என்று தொடங்குகிறோம். எவ்வளவு இடத்தை மூட வேண்டும், விழுகிற தண்ணீர் எங்கே போகும் என்ற இரண்டையும் யாரும் கேட்பதில்லை. இவற்றுக்கு விடை தெரிந்தால் பொருள் பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். அஜ்ஜியின் வாசல் முந்நூறு சதுர அடி, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். பெங்களூரின் ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஆண்டுக்கு 27,000 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் நாலரை லாரி. 2024 மார்ச்சில், தட்டுப்பாட்டின் உச்சத்தில், மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்சவிலை நிர்ணயித்தது நினைவிருக்கலாம்: ஐந்து கிலோமீட்டருக்குள் ஆறாயிரம் லிட்டருக்கு 600 ரூபாய். அந்த விலையில் பார்த்தால் வாசலில் விழும் மழையின் மதிப்பு ஆண்டுக்கு 2,700 ரூபாய்தான். இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாசலைத் திறந்து விட்டால் பணம் மிச்சமாகும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் முழுமழையும் மண்ணுக்குள் இறங்காது. ஆவியாவதும் உண்டு, வேர் குடிப்பதும் உண்டு.

அதே ஆண்டு எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறும் வற்றியது. நகரின் 13,900 கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக மாநிலத் துணை முதல்வர் அறிவித்த நாள்கள் அவை. அஜ்ஜி என்னிடம், "அந்தக் கல்லைப் போட்டதால்தானே?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் என் வாதத்துக்கு வலு சேர்ந்திருக்கும். ஆனால் அது உண்மையாக இராது. இந்நகரம் நிற்பது கடும்பாறை மேல். லால்பாக் குன்றில் ஏறியவர்கள் அந்தப் பாறையை மிதித்திருப்பார்கள். தீபகற்ப நைஸ் என்று பெயர், வயது முந்நூறு கோடி ஆண்டுகள். அதன் மேற்புறம் சிதைந்து செம்மண்ணாகிய அடுக்கில்தான் மழைநீர் முதலில் தங்கும். பிறகு பாறையின் வெடிப்புகள் வழியே மெல்ல மெல்லக் கீழே கசியும். ஆயிரம் அடி துளைத்து எடுக்கிற நீருக்கும் நம் வாசலில் நேற்றுப் பெய்த மழைக்கும் நேரடி உறவைக் காட்ட முடியாது. ஒரு வாசல் ஒரு கிணற்றை வற்றச் செய்வதுமில்லை, நிரப்புவதுமில்லை.

அப்படியானால் ஏன் இவ்வளவு பேச்சு? காரணம் தெருவில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை என்பது இங்கே செப்டம்பர், அக்டோபரில் வியப்பான செய்தியன்று. மூடிய வாசல் ஒன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில் 1,400 லிட்டர் வெளியேறும். தெருவில் நாற்பது வீடு என்றால் 56,000 லிட்டர். இது வாசல்களிலிருந்து மட்டும், கூரைநீர் தனி. இது முழுவதும் ஓரடி அகல வடிகாலுக்குள் ஒரே நேரத்தில் புக முயல்கிறது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பகுதியும் மூழ்கியபோது ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லோரும் எழுதினோம், எழுத வேண்டியதும்தான். ஏரிக்கு மேலே, மேட்டில் உள்ள நம் வாசல்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏரியை ஆக்கிரமித்தவர் யாரோ. வாசலை மூடியது நாம்.

வடிகால் என்றதும் ஒன்று. வாசல் தளம் கேட்டோடு முடிவதில்லை. தெருவிலிருந்து கார் ஏறுவதற்காகக் கேட்டுக்கு வெளியே ஒரு சரிவு கட்டுகிறோம். பெரும்பாலான இடங்களில் அது நடைபாதையையும் சாக்கடையையும் சேர்த்து மூடிக் கட்டப்படுகிறது. நடைபாதையில் செல்வோர் வீட்டுக்கு வீடு மலையேறி இறங்க வேண்டும் அல்லது சாலையில் இறங்கி நடக்க வேண்டும். அடியில் அடைப்பு ஏற்பட்டால் துப்புரவுப் பணியாளர் கையைவிட வழியில்லை. நம் சொந்த இடத்தில் என்ன போட்டாலும் அது நம் விருப்பம் என்று வாதிடலாம்; அந்த நான்கடி நம்முடையதே அன்று.

கழுவுதலும் இதில் சேரும். பளபளப்பான தளம் போட்ட வீடுகளில் தினமும் காலையில் குழாய் பிடித்துக் கழுவுகிறார்கள். கழுவுவது பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் பெண். இந்நகரத்துக் காவிரி நீர் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் இயந்திரத்தால் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் குடிநீரை வண்டி கழுவவும் தோட்டத்துக்கும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. உத்தரவு வந்த வாரத்திலும் எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாய் ஓசை கேட்டது. அழுக்குத் தெரியாத தளம் என்பதையும் தேர்வின் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். கொத்திய கருங்கல்லில் தூசு தெரியாது, துடைப்பம் போதும்.

இதற்கு எதிராக என்னிடம் வலுவான வாதம் ஒன்றைச் சொன்னவர் அஜ்ஜியே. "உனக்கு மண் வேண்டும், எனக்கு விழாமல் நடக்க வேண்டும்" என்றார். இதை நான் எளிதாகக் கடக்க முடியவில்லை. நீரியல் நூல்களைப் பார்த்தால் ஜல்லி பரப்பிய வாசலே மிகச் சிறந்தது. விலை குறைவு, நீர் இறங்கும், யாரும் போடலாம். ஆனால் ஊன்றுகோல் அதில் புதையும்; சக்கர நாற்காலி நகராது; வாக்கர் வைத்து நடப்போர்க்கு அது பொறி. வெறும் மண்ணாக விட்டால் மழைக்காலத்தில் செம்மண் சேறு வீட்டின் நடுக்கூடம்வரை வரும். அதைத் துடைப்பவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஊரில் மண்வாசல் இருந்த தலைமுறை நகரத்தில் சிமெண்ட் வாசலை உழைத்து ஈட்டியது. அதைப் பெயர்த்து மண்ணாக்கு என்று மாடிவீட்டு ஆய்வாளர் சொல்வது அவர்கள் காதில் எப்படி விழும்? கேரளத்தில் வீட்டு முற்றம் முழுவதும் இன்டர்லாக் பரப்புவதைச் சூழலியலார் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகின்றனர். கண்டனம் நியாயமே. முற்றத்தைத் தினமும் பெருக்கிப் புல் செதுக்கிய பெண்களின் முதுகுவலியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட கட்டுரை ஒன்றையும் நான் இதுவரை படித்ததில்லை.

சென்ற ஆண்டு மகனே முன்வந்து மறுபடி பெயர்க்கலாம் என்றார். கிணறு வற்றியது அவரை உலுக்கியிருந்தது. இம்முறை களப்பணிக்குப் போகாமல் அருகிலேயே இருந்தேன். வேலைக்கு வந்த மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இந்நகரில் இருபதாண்டுகளாகக் கல்வேலை செய்கிறார். நான் பொருள்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர் கேட்டார்: "கல்லு இருக்கட்டும்மா. தண்ணி எந்தப் பக்கம் போவணும், அத மொதல்ல சொல்லு." நான்காண்டுகளுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

செய்தது இவ்வளவே. பத்தடி அகலத்தில் இடப்பக்கம் நான்கடியும், மூன்றடி விட்டு வலப்பக்கம் இரண்டடியும் மட்டும் கல். காரின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஐந்தடி இடைவெளி. அந்தக் கணக்கு இதில் சரியாக அமர்ந்தது. நான்கடிப் பட்டை சக்கரத்துக்கும் பாதை, அஜ்ஜிக்கும் பாதை. அதன் ஓரத்தில் சுவரை ஒட்டிக் கைப்பிடிக் குழாய் ஒன்றும் வைத்தோம். முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான். நடுவில் மூன்றடியும் வலது ஓரத்தில் ஓரடியும் திறந்த நிலம். அங்கே மண்ணைக் கொத்தித் தளர்த்தி, முக்கால் அங்குல உடைகல் ஜல்லி நிரப்பினோம். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம் என்று மேஸ்திரி தடுத்தார். அது சக்கரத்தோடு தெருவுக்கு ஓடிவிடும், முனையுள்ள உடைகல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கற்பட்டை நடுப்பக்கமாகச் சரியும்படி நான்கடிக்கு முக்கால் அங்குலம் வாட்டம் கொடுத்தார். இப்போது கல்மேல் விழும் நீரும் ஜல்லிக்குள்தான் போகிறது.

கல் எது? 2021-இல் பெயர்த்த பழைய சாதரஹள்ளிப் பலகைகள்தாம். அஜ்ஜி அவற்றைத் தூக்கிப் போடவிடாமல் பின்புறம் அடுக்கி வைத்திருந்தார். முகத்தை மறுபடி லேசாகக் கொத்தி, வேர் இருக்கும் இடத்தில் சிறு துண்டுகளாக வெட்டி அமைத்தார் மேஸ்திரி. வேர் தடித்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துச் சரி செய்யலாம். புதுக்கல் வாங்காததில் எனக்கு வேறொரு நிறைவும் உண்டு. 2021 தொடக்கத்தில் சிவமொக்காவிலும் சிக்கபள்ளாபுரத்திலும் கல்குவாரிக்கான வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர் இறந்த செய்தியை இங்கே வாழ்வோர் மறந்திருக்க மாட்டார்கள். ஜல்லியும் அதே குவாரியிலிருந்துதான் வருகிறது என்பதையும் அறிவேன்.

கூரைநீருக்குத் தனியாக மீள்நிரப்புக் கிணறு ஒன்று வெட்டினோம்: மூன்றடி விட்டம், இருபதடி ஆழம், சிமெண்ட் உறை. வெட்டியவர்கள் தலைமுறைகளாகக் கிணறு தோண்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர். வாசல் நீரை அதற்குள் விடவில்லை. காரிலிருந்து சொட்டும் எண்ணெய், டயர்த்தூள் எல்லாம் அதில் உண்டு; நேரே கிணற்றுக்குள் அனுப்பினால் நிலத்தடி நீரை நாமே கெடுத்ததாகும். மண்ணும் ஜல்லியும் ஓரளவு வடிகட்டும், முழுமையாக அன்று. நடுப்பட்டை எஞ்சினுக்கு நேர்கீழே இருப்பதால் எண்ணெய்க் கசிவு இருந்தால் அங்கேதான் விழும். இது இந்த அமைப்பின் குறை. மகன் மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளிச் சரிவையும் உடைத்துவிட்டு வடிகாலின்மேல் தூக்கி எடுக்கக்கூடிய இரண்டு பலகைகள் வைத்தாயிற்று.

ஆக, அந்த நண்பர்கள் மூவருக்கும் என் விடை: கடைக்குப் போகுமுன் ஒரு மழைநாளில் குடை பிடித்து மனையில் நின்று தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள். காரை நிறுத்திச் சக்கரம் படும் இடத்தைச் சுண்ணாம்பால் கோடிடுங்கள். வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ அவரை நடக்கச் சொல்லி அந்தத் தடத்தையும் கோடிடுங்கள். கோட்டுக்குள் அடங்கும் இடத்தை, உங்கள் ஊருக்கு மிக அருகில் கிடைக்கும் சொரசொரப்பான கல்லாலோ வரியிட்ட கான்கிரீட்டாலோ மூடுங்கள். மற்றதை மூடாதீர்கள். இன்டர்லாக்தான் வேண்டும் என்றால், கல் அடுக்கும் நாளைவிட அதற்கு முந்தைய நாள் விடுப்பு எடுங்கள். அடியில் போடுவது உங்கள் கண்முன் நடக்கட்டும்.

எங்கள் வாசல் இரண்டு மழைக்காலத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. அக்டோபர் மழையில் கேட்டுக்கு வெளியே தண்ணீர் வந்தது, முன்பைவிடத் தாமதமாகவும் குறைவாகவும். அளவி வைத்து அளக்கவில்லை. அடுத்த பருவத்தில் வைப்பேன். அஜ்ஜி கேட்டருகே கல்லில் ரங்கோலி இடுகிறார், கைப்பிடியைப் பிடித்து நடக்கிறார். அவருடைய புகார் ஒன்றே: பங்குனியில் புங்கம்பூ கொட்டியபோது அது ஜல்லிக்குள் இறங்கிவிட்டது, துடைப்பத்தால் வரவில்லை, மூன்று நாள் உட்கார்ந்து கையால் பொறுக்கினார். ஜல்லியைக் கலைக்காமல் பூவை மட்டும் கூட்டி எடுக்க வழி தெரிந்தவர்கள் சொன்னால் அவரிடம் போய்ச் சொல்வேன்.